கைக்குள் அடங்காத சரக்கு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள் பெரியவர்கள். தங்கத்துக்கு அடுத்தபடியாக நம் ஜனங்களுக்கு ஆசை எதில் என்றால் மண்ணில்தான். சொந்தப் பெயரில் ஒரு சென்ட் இடமாவது வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறவர்கள் நாம். இன்று அந்த மண்ணும் செல்போனுக்குள் வந்துவிட்டது. செருப்பு வாங்குவது போல, சேலை வாங்குவது போல, மனையையும் வீட்டையும் விரல் நுனியில் வாங்கலாம், விற்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

உண்மையிலேயே முடியுமா தோழர்களே?

இதை எழுத நான் வக்கீலும் இல்லை, தரகரும் இல்லை. சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன். சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் காட்டுக் கிராமம் என் ஊர். அய்யா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். போன வருஷம் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான 6 சென்ட் காலி மனையை இணையத்தில் போட்டு விற்கும் வேலை என் தலையில் விழுந்தது. விளம்பரம் போட்ட நாளிலிருந்து பத்திரம் முடியும் வரை எட்டு மாதம் ஆயிற்று. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாளை உங்கள் வீட்டிலும் "நீதான் படிச்ச புள்ளயாச்சே" என்று செல்போனை உங்கள் கையில் கொடுப்பார்கள். அன்று இது உதவலாம்.

ஏன் விற்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் 3 லட்சம். மூணு வட்டி. மாதம் பிறந்தால் 9,000 ரூபாய் வட்டிக்கே போகும். அய்யாவுக்கு இடுப்பு வலி வந்து சாரம் ஏற முடியாமல் போனதும் அந்த வட்டியும் நின்றது. ஊர்த் தரகர், "சென்ட் 80,000-க்கு மேல ஒரு பைசா போகாது" என்று சொல்லிவிட்டார். அதற்கும் நூற்றுக்கு இரண்டு கமிஷன். அப்போதுதான் அய்யா என்னைக் கூப்பிட்டு, "செல்லுல போட்டா வெளியூர்க்காரன் வருவானாமே. போட்டுப் பாருப்பா" என்றார்.

ஒரே மண், மூன்று கணக்கு

விளம்பரம் போடுவது சுலபம் என்று நினைப்போம். முதல் கட்டத்திலேயே தடுக்கியது. எங்கள் வீட்டுப் பேச்சில் அது "ஆறு சென்ட்". தாத்தா 1987-ல் வாங்கிய கிரயப் பத்திரத்தில் "கிழமேல் 40 அடி, தென்வடல் 65 அடி". பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. இணையப் படிவமோ சதுர அடி கேட்கிறது.

நமக்கு இது சின்ன கணக்குத்தான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆறு சென்ட் என்றால் 2,613.6. பத்திரப்படி 40-ஐ 65-ஆல் பெருக்கினால் 2,600. பட்டாக் கணக்கில் ஏறக்குறைய 2.43 ஏர்ஸ். ஆனால் இந்தக் கணக்குத் தெரியாத ஒருவர் 2.43 என்ற எண்ணைப் பார்த்தால் இரண்டரை சென்ட் என்று நினைக்க மாட்டாரா? சென்னைக்காரர் "எத்தனை கிரவுண்டு?" என்பார். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நேரில் நின்றால் கையைக் காட்டி "அந்த வேப்ப மரத்துல இருந்து இந்தக் கல்லு வரைக்கும்" என்று முடித்துவிடலாம். திரையில் அப்படிக் கை காட்ட முடியாது.

படிவத்தில் இன்னொன்றும் இருந்தது. 'உரிமையாளர் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம். நான் அதில் 'குடும்பச் சொத்து' என்று எழுதினேன். அந்த ஒற்றைக் கட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன் மணி அடித்தது

முதல் மாதத்தில் வந்த அழைப்புகளை என் ரஃப் நோட்டில் குறித்து வைத்தேன். மொத்தம் 43. அதில் 31 பேர் தரகர்கள்! தரகர் வேண்டாம் என்றுதானே இணையத்துக்கு வந்தோம்? அவர்கள் நமக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்குகிறவர் போலவே பேசுவார்கள். பத்து நிமிஷம் கழித்துத்தான் "நம்ம பார்ட்டி ஒருத்தர் இருக்கார் தம்பி" என்று ஆரம்பிப்பார்கள்.

ஒருவர் நான் எடுத்த படத்தையே எடுத்து, சென்ட் 1,60,000 என்று தன் பெயரில் விளம்பரம் போட்டிருந்தார். எங்கள் மண், எங்கள் கருவேலஞ்செடி, அவருடைய போன் நம்பர்! அந்தத் தளத்துக்குப் புகார் எழுதிய பிறகு அது நீங்கியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் மனையின் படத்தை எவனோ ஒருவன் காட்டி யாரிடமோ முன்பணம் வாங்கினால், ஏமாந்தவர் தேடி வருவது அந்த மனைக்குத்தானே?

இன்னொரு அழைப்பு. தான் ராணுவ அதிகாரி என்றார். எல்லையில் டூட்டி, நேரில் வர முடியாது, இடம் போட்டோவிலேயே பிடித்துவிட்டது, டோக்கன் அட்வான்ஸ் 25,000 இப்போதே அனுப்புகிறேன் என்றார். ஒரு கியூ.ஆர். படம் வந்தது. "ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரே நாளில் 25,000 ரூபாய்! "பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேணும் சார், வாங்க வேண்டியதில்ல" என்றேன். போன் துண்டிக்கப்பட்டது. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகுமே தவிர வராது. நம் வீடுகளில் இன்னும் எத்தனை பேருக்கு இது தெரியாது! ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கிடைப்பது கஷ்டம்.

மண்ணைப் பார்க்காமல் பணம் தர ஒருவர் அவசரப்பட்டால் அவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் அனுபவம். நிஜமாக வாங்குகிறவர் அவசரப்பட மாட்டார். ஆயிரம் கேள்வி கேட்பார்.

வில்லங்கத்தில் இல்லாத அத்தை

அப்படிக் கேள்வி கேட்டவர் ஒருவர் வந்தார். எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிய ஊர்க்காரர். துபாயில் டிரைவர் வேலை. அங்கே உட்கார்ந்து எங்கள் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். சர்வே எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். இன்று பட்டாவையும் புல வரைபடத்தையும் அரசின் இணையதளத்தில் பார்க்க முடிகிறது. பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். முன்பெல்லாம் இதற்காகப் பல நாள் அலைந்ததாக அய்யா சொல்வார். இந்த வசதியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு பதிவுதான். 1987-ல் தாத்தா வாங்கியது. அடமானம் இல்லை, வேறு விற்பனை இல்லை. பளிச்சென்று சுத்தம்! அய்யாவுக்கு மிகவும் மகிழ்ச்சி.

ஆனால் துபாய்க்காரரின் வக்கீல் ஒரே வார்த்தையில் நிறுத்தினார். "வாரிசுச் சான்றிதழ் எங்கே?"

தோழர்களே, வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவான விஷயங்களை மட்டுமே காட்டும். நாம் கேட்கும் வருஷங்களுக்கு மட்டுமே காட்டும். பதியாத உயில் அதில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது வராது. வாரிசு யார் யார் என்பதும் வராது. கணிப்பொறிக்குத் தெரிந்த உரிமையாளர் எங்கள் தாத்தா ஒருவர்தான். அவர் 2009-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உயில் எழுதவில்லை.

தாத்தா சம்பாதித்து வாங்கிய சொத்து. உயில் இல்லாமல் இறந்தால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பத்தாவுக்கு 2 சென்ட், அய்யாவுக்கு 2 சென்ட், அத்தைக்கு 2 சென்ட். இணையப் படிவத்தில் இருந்த ஒரே கட்டம் எங்களுக்குப் போதாது. மூன்று கட்டம் வேண்டும்.

அய்யாவுக்கு இது பிடிக்கவில்லை. "கல்யாணத்துக்கு அஞ்சு பவுன் போட்டுத்தான அனுப்புனோம். இப்ப என்ன பங்கு? ஒரு கையெழுத்துக் கேட்டா போட்டுட்டுப் போகப் போறா" என்றார். சட்டத்தைச் சொன்னேன். "என்கிட்டயே சட்டம் பேசுறியா? படிக்க வச்சது நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அத்தை ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "மருமகனே, உங்க மாமா இருந்திருந்தா இந்தக் காச நான் கேட்டிருக்கவே மாட்டேன். சின்னவ பிளஸ் டூ முடிக்கப் போறா, மேல படிக்கணும்ங்குறா. என் பங்கு எனக்கு வேணும்ப்பா. உங்க அய்யாகிட்ட நீயே சொல்லிரு" என்றார். அதட்டிக் கேட்கவில்லை. அழுதும் கேட்கவில்லை. கூலி கேட்பது போலக் கேட்டார்.

வந்து சொன்னேன். அய்யா வாய் திறப்பதற்குள் திண்ணையில் இருந்த அப்பத்தா பேசினார். "அந்த எடம் வாங்குறப்ப, இவ ராத்திரியெல்லாம் வெளக்குப் போட்டு தீப்பெட்டி ஒட்டுன காசும் அதுல கெடக்குடா. ஒனக்கு மறந்து போச்சு. எனக்கு மறக்கல."

அய்யா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் "ஈ-சேவைக்குப் போய் வாரிசுக்கு எழுதிக் குடுத்துட்டு வா" என்றார். தாசில்தார் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வர, பட்டாவை மூன்று பேர் பெயருக்கும் மாற்ற என்று மாதங்கள் ஓடின.

அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் ஒட்டிய தீப்பெட்டிக் காசு எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? எந்தச் சான்றில் இருக்கிறது? எந்தக் கணிப்பொறி அதைக் காட்டும்? சைக்கிள் மிதித்துப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

மூலைமட்டம்

அடுத்தது அளவு. நம் ஆய்வக ஆசிரியரிடம் அனுமதி பெற்று டேப்பும் ரேஞ்சிங் ராடும் எடுத்துப் போனேன். வகுப்புத் தோழர்கள் இருவர் உடன் வந்தார்கள். (மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அம்மாவின் கருவாட்டுக் குழம்பைப் பற்றி அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்!)

தென்புறம் 40 அடி சரியாக இருந்தது. வடபுறம் 37 அடிதான். பக்கத்துக் காட்டுக்காரரின் முள்வேலி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்திருக்கிறது. மூன்று அடி அகலம், 65 அடி நீளம், முக்கோணம். பரப்பு 97½ சதுர அடி. கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. செயற்கைக்கோள் படத்தில் அது ஒரு தலைமுடி அகலம்கூட இல்லை. விளம்பரத்துக்கு நான் எடுத்த போட்டோவிலும் அந்த வேலி அழகாகத்தான் இருந்தது.

நாங்கள் மூலையில் செங்கோணம் பிடிக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அய்யா வந்தார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நூலை எடுத்து மூன்று அடி, நான்கு அடி, குறுக்கே ஐந்து அடி என்று வைத்தார். "மூலைமட்டம் இங்கதான் போகுது. வேலி உள்ள வந்திருக்கு" என்றார். பித்தாகரஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அன்றைக்குத்தான் அவர் மறுபடியும் என்னோடு சரியாகப் பேசினார்.

அரசு சர்வேயருக்கு மனுப் போட்டோம். அவர் வந்து அளந்து கல் நட்டார். வேலிக்காரர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். இணையத்தில் விற்றிருந்தால் இந்தச் சண்டையையும் சேர்த்தல்லவா விற்றிருப்போம்!

திரையில் தெரியும் விலை

"நெட்டுல சென்ட் ஒன்றரை லட்சம்னு போட்டிருக்கே" என்று அம்மா கேட்டார். அது விற்றவர் வாங்கிய விலை அல்ல, விற்க நினைப்பவர் கேட்கும் விலை. யாரும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாமே! உண்மையில் கைமாறிய விலை அந்த இருவருக்குத்தான் தெரியும். பத்திரத்திலும் பல பேர் அதை எழுதுவதில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்ட வேண்டுமே என்று அரசு வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதிவிடுகிறார்கள். எனவே மண்ணுக்குச் சந்தை விலை என்ன என்பதை எந்தத் தளமும் சரியாகக் காட்டுவது கடினம். நான் பக்கத்தில் சமீபத்தில் வாங்கியவர்கள் நான்கு பேரை நேரில் போய்க் கேட்டேன். மூன்று பேர் சொன்னார்கள். கடைசியில் சென்ட் 1,10,000-க்கு முடிந்தது. முழுப் பணமும் வங்கி வழியாகவே வந்தது. நிலத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் உள்ள விதி.

தோழர்கள் கவனத்துக்கு

நம்மில் பலர் நாளை சம்பாதித்து மனை வாங்கப் போகிறவர்கள். எனவே சில வார்த்தைகள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி அதைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் 'ரெரா' எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் போதாது, அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் அவர்கள் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

"அப்ரூவ்டு பிளாட்" என்று எழுதியிருந்தால் யார் கொடுத்த அப்ரூவல் என்று கேளுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் கையில் பத்திரத்தோடு விழித்தன. மறு ஆண்டில் முறைப்படுத்தும் திட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது.

"பவர் மூலம் விற்பனை, விலை குறைவு" என்றால் நின்று யோசியுங்கள். வெறும் பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விரல் ரேகை

100 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள நிலத்தை விற்பதென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். கட்டணத்தை இணையத்தில் கட்டலாம், டோக்கனை இணையத்தில் எடுக்கலாம். கையெழுத்துப் போட எங்கள் மூன்று பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. துபாய்க்காரர் விடுமுறையில் வந்திருந்தார். காலையிலேயே மனைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு மூலையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்கு வந்தார்.

அப்பத்தாவின் பெருவிரலை அந்த இயந்திரம் ஏற்கவில்லை. மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. களை பறித்தும் தீப்பெட்டி ஒட்டியும் தேய்ந்துபோன விரல். அத்தை தன் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டார். நான்காவது முறை எடுத்துக்கொண்டது.

அத்தைக்கு 2,20,000 அவர் கணக்கிலேயே வந்தது. அப்பத்தா தன் பங்கை அய்யாவிடம் கொடுத்தார். கடன் அடைந்தது. அத்தையின் சின்ன மகள் இந்த ஆண்டு பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள்.

தோழர்களே! இணையம் பொல்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் துபாய்க்காரர் எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார். தரகர் சொன்ன 80,000-க்கே தலையாட்டியிருப்போம். ஆனால் இணையத்தில் போவது நிலத்தின் செய்திதான், நிலம் அல்ல. செய்தி துபாய்க்கு ஒரு நொடியில் போய்விட்டது. அத்தை வீட்டுக்குச் சைக்கிளில்தான் போக முடிந்தது. அந்த மிச்ச தூரத்தை யாராவது ஒருவர் நடந்தே ஆக வேண்டும்.

நம் வீடுகளில் பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள், டேப் பிடிக்கத் தெரிந்தவர்கள், திரையில் வருவதைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். பெரியவர்கள் நம்மைப் படிக்க வைத்தது வேலைக்காக மட்டும் இல்லை. வீட்டுப் பத்திரத்தை இந்த விடுமுறையில் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு எல்லையையும் ஒரு முறை நடந்து பாருங்கள். அப்படியே அத்தை வீட்டுக்கும் போய் வாருங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
சிவில் துறை